இருமல் வரலன்னா பத்திரம்னு நினைக்காதீங்க: முழுங்க சிரமப்படறவங்களுக்கு சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகுதான்னு டெஸ்ட் எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பன்னெண்டாவது நாள் டிஸ்சார்ஜ் பண்ணாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்பூன்ல அஞ்சாறு தடவ தண்ணி கொடுத்துப் பார்த்தாங்க, அவர் இருமல, "வாயால சாப்பிடலாம்"னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நாங்களும் நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டோம். சாப்பிட்டதும் அவர் குரல் மட்டும் தொண்டையில தண்ணி நின்னுக்கிட்டு பேசற மாதிரி களகளன்னு கேட்கும், ஸ்ட்ரோக்கால அப்படி இருக்கும்னு விட்டுட்டோம். நாலாவது நாள் காய்ச்சல், ஆறாவது நாள் வலது நுரையீரல்ல நிமோனியா, மறுபடி அட்மிஷன்.

அப்புறம் எடுத்த எக்ஸ்ரே வீடியோவுல பார்த்தேன். குடிக்கக் கொடுத்தது கருப்பா ஒரு நூல் மாதிரி மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குது, அப்பா பாட்டுக்கு நேரா பார்த்துக்கிட்டு அமைதியா உட்கார்ந்திருக்கார். ஒரு செருமல் கூட இல்ல. ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம் ஸ்க்ரீன்ல விரலை வச்சு "உங்க அப்பா இருமலியே, அதுதாங்க பிரச்சனை"ன்னாங்க.

இந்த டெஸ்ட்டுக்காக எங்க போறது, என்ன கேட்கறதுன்னு தெரியாம ரெண்டு மாசம் அலைஞ்சேன். நான் டாக்டர் இல்ல, இதை வச்சு வீட்டுலயே முடிவெடுக்காதீங்க. சரியான ஆளுகிட்ட சரியான கேள்வியோட போறதுக்கு இது உதவும், அவ்வளவுதான்.

0. எதுக்கும் முன்னாடி: அடைச்சுக்கிட்டா என்ன செய்யணும்

இரும முடியுதுன்னா இரும விடுங்க, தண்ணி கொடுக்காதீங்க. பேச முடியல, இரும முடியல, மூச்சு போகலன்னா தான் நீங்க இறங்கணும். ஆளை முன்னாடி சாய்ச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பகுதியால 5 தடவ பலமா தட்டுங்க, அதுல வரலன்னா பின்னாடி நின்னு தொப்புளுக்குக் கொஞ்சம் மேல கைய வச்சு 5 தடவ உள்ளேயும் மேலேயுமா இழுத்து அழுத்துங்க, மாத்தி மாத்தி செய்யுங்க, பக்கத்துல இருக்கறவங்க ஆம்புலன்ஸ கூப்பிடட்டும். இதை ஒரு தடவ யார்கிட்டயாவது நேர்ல கத்துக்கோங்க, படிச்சது மட்டும் அந்த நேரத்துல கை கொடுக்காது.

1. என்ன தேடறோம்னு தெரிஞ்சுட்டுப் போங்க

நாம முழுங்கறப்ப மூச்சு ஒரு செகண்ட் போல நிக்குது, குரல்வளை மேல எழும்புது, மேல இருக்கற மூடி மடங்குது, குரல்நாண் ரெண்டும் சேர்ந்து மூடுது, அந்த இடைவெளியில சாப்பாடு பின்னாடி இருக்கற உணவுக்குழாய்க்குள்ள போயிடுது. இதுல ஒண்ணு லேட்டானாலும் சரியா மூடலன்னாலும் மூச்சு வழிக்குள்ள போகும். குரல்நாணுக்கு மேலயே நின்னா பெனட்ரேஷன், அதைத் தாண்டி கீழ இறங்கினா ஆஸ்பிரேஷன். நாம எல்லாத்தையும் சேர்த்து புரை ஏறுதுன்னுடறோம், ஆனா ரிப்போர்ட்ல இந்த ரெண்டு வார்த்தையும் வேற வேற, குழப்பிக்காதீங்க.

கீழ இறங்கியும் இருமல் வரலன்னா அது சைலண்ட் ஆஸ்பிரேஷன். தொண்டையில உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு இது வரும், ஸ்ட்ரோக், பார்கின்சன், கழுத்துல ரேடியேஷன் எடுத்தவங்க, ரொம்ப நாள் வென்டிலேட்டர் ட்யூப் போட்டிருந்தவங்க எல்லாரும் இந்த லிஸ்ட்ல வர்றாங்க. பக்கத்துல உட்கார்ந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அந்த மேடமே முடியாதுன்னுதான் சொன்னாங்க.

2. மூணு நாள் ஒரு நோட்டு போடுங்க

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. என்ன கொடுத்தீங்க, எவ்வளவு நேரத்துல முடிச்சார், முழுங்கினதும் குரல் மாறுச்சா, கன்னத்துல சாப்பாடு ஒதுங்கி நிக்குதா, மூக்கு வழியா வந்துச்சா, ராத்திரி இருமல் உண்டா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா, எடை குறையுதா, இதையெல்லாம் தேதி நேரத்தோட எழுதுங்க. முடிஞ்சா சாப்பிடறத ரெண்டு நிமிஷம் போன்ல வீடியோ எடுங்க, முகமும் கழுத்தும் சேர்ந்து தெரியணும். "அப்பப்ப இருமறார்"னு சொன்னப்ப தலையாட்டிட்டு விட்டவங்க, நோட்ட நீட்டினப்ப நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாங்க.

ஆளே பதில் சொல்ற நிலையில இருந்தா ஈட்-10 (EAT-10)னு பத்து கேள்வி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 வரை மார்க். கூட்டினா 3 அல்லது அதுக்கு மேல வந்தா டாக்டர்கிட்ட காட்டணும்னு அர்த்தம். ஆனா உணர்ச்சியே குறைஞ்சவர் எல்லாத்துக்கும் 0 போடுவார். எங்க அப்பா 1 போட்டார்.

3. யாரைப் பார்க்கறது, என்ன பேப்பர் எடுத்துட்டுப் போறது

பார்க்க வேண்டியது ஸ்பீச் தெரபிஸ்ட், அதுலயும் முழுங்கற பிரச்சனை பார்க்கறவங்க. பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுக்கறவங்களும் உண்டு, அதனால போன்லயே "ஸ்வாலோயிங் அசெஸ்மென்ட் பண்ணுவீங்களா"ன்னு கேட்டுடுங்க. டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுக்க நியூரோ, ஈ.என்.டி. இல்லன்னா உங்க வழக்கமான டாக்டர்.

கையில இருக்க வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரி, நெஞ்சு எக்ஸ்ரே, இப்ப சாப்பிடற மாத்திரை லிஸ்ட் (ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய தனியா கோடு போட்டு வைங்க), அலர்ஜி விவரம், வென்டிலேட்டர் ட்யூப் போட்டு எடுத்திருந்தா எத்தனை நாள் இருந்துச்சு, கடைசி மூணு மாச எடை, உங்க நோட்டு. இன்சூரன்ஸ் இருந்தா முன் அனுமதி வேணுமான்னு அன்னிக்கே கேளுங்க. டெஸ்ட் முடிஞ்சு போய்க் கேட்டா எங்களுக்குக் கிடைச்ச பதில் "முன்னாடியே கேட்டிருக்கணும்".

இப்ப நான் விழுந்த குழி. ரெஃபரல் சீட்டுல "பேரியம் ஸ்வாலோ"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு (பேரியம்னா எக்ஸ்ரேல தெரியறதுக்காக குடிக்கக் கொடுக்கற வெள்ளை மருந்து). போனோம், காத்திருந்தோம், அப்பாவ படுக்க வச்சு உணவுக்குழாய படம் எடுத்தாங்க, ரிப்போர்ட் நார்மல். அது வேற டெஸ்ட்டுங்க! அது நெஞ்சுப் பகுதிக் குழாய பார்க்கறது. நமக்கு வேண்டியது மாடிஃபைடு பேரியம் ஸ்வாலோ, வீடியோஃப்ளூரோஸ்கோப்பின்னும் சொல்வாங்க, உட்கார வச்சு வாய்லருந்து தொண்டை வரைக்கும் பார்க்கறது. ஒரு வார்த்தை விட்டுப்போனதுல எங்களுக்கு ஒரு வாரமும் ஒரு பில்லும் போச்சு. அதே மாதிரி வயித்துக்குப் போடற எண்டோஸ்கோப்பியும் இது இல்ல. சீட்டுல "ஆஸ்பிரேஷன் இருக்கான்னு பார்க்க"ன்னு காரணத்த எழுதச் சொல்லுங்க, அப்ப தப்பு நடக்க வாய்ப்பு கம்மி.

4. முதல் கட்டம்: படுக்கை பக்கத்துல செய்யற சோதனை

வாய், நாக்கு, உதடு அசைவு, இருமல் பலம், குரல் எல்லாம் பார்த்துட்டு தண்ணி கொடுப்பாங்க. 90 மில்லி தண்ணிய நிறுத்தாம ஒரே மூச்சுல குடிக்க வைக்கற சோதனை ஒண்ணு உண்டு, நடுவுல நிறுத்தினாலோ, இருமினாலோ, குரல் களகளத்தாலோ ஃபெயில். 2008ல 3000 பேர்கிட்ட இதையும் மூக்கு வழி கேமரா டெஸ்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தப்ப, உள்ள இறங்கினவங்கள்ல 96.5 சதவீதம் பேர இது பிடிச்சுது, ஆனா இறங்காதவங்கள்லயும் பாதிப்பேருக்கு மேல ஃபெயில்னு காட்டிச்சு. அதனால ஃபெயில்னா பதறாதீங்க, அடுத்த டெஸ்ட்டுக்குப் போகணும்னு மட்டும்தான் அர்த்தம்.

ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பார்க்கறது இதுக்கு சமம் இல்ல. துளித்துளியா போனா உணர்ச்சி குறைஞ்ச தொண்டைக்கு எதுவுமே தெரியாம போயிடலாம். எங்க வீட்டுல நடந்தது அதுதான். அதுக்காக 90 மில்லி சோதனைய நீங்களா வீட்டுல செஞ்சு பார்த்துடாதீங்க, தூக்கக் கலக்கத்துல இருக்கறவருக்கும் நிமிர்ந்து உட்கார முடியாதவருக்கும் பயிற்சி எடுத்தவங்களே கொடுக்க மாட்டாங்க.

இன்னும் ரெண்டு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. நாக்கோட பின்பக்கம் குச்சி வச்சு குமட்டல் வருதான்னு பார்த்துட்டு "வருது, பத்திரம்"னா நம்பாதீங்க, குமட்டலுக்கும் முழுங்கறப்ப மூச்சு வழி மூடறதுக்கும் நேர் சம்பந்தம் இல்ல. விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டி நம்பர் குறையலன்னா உள்ள போகலன்னு சொல்றதும் அப்படித்தான், நம்ப முடியாது.

5. வீடியோ எக்ஸ்ரேவா, மூக்கு வழி கேமராவா

ரெண்டாவதுக்கு ஃபீஸ் (FEES)னு பேர். டாக்டர் "ஃபீஸ் பண்ணிடலாம்"ன்னப்ப நான் பர்ஸ எடுத்தேன், நர்ஸ் சிரிச்சாங்க.

வீடியோ எக்ஸ்ரேல பேரியம் கலந்த தண்ணி, கெட்டி திரவம், கூழ், கடிக்கற மாதிரி ஒண்ணுன்னு வரிசையா கொடுத்து பக்கவாட்டுலருந்து ஓடற படமா எடுப்பாங்க. முழுங்கற அந்த நொடியே தெரியும், முழுங்கறதுக்கு முன்னாடி போச்சா, நடுவுல போச்சா, முடிஞ்சப்புறம் மிச்சம் வழிஞ்சு போச்சான்னு பிரிச்சு சொல்ல முடியும். எக்ஸ்ரே ஓடறது சில நிமிஷம்தான், கதிர்வீச்சு அதிகம் இல்ல, கர்ப்பமா இருந்தா மட்டும் கண்டிப்பா முன்னாடியே சொல்லணும். கேட்டு வைக்க வேண்டிய கேள்வி ஒண்ணு: செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்? 30 நல்லது. கதிர்வீச்ச குறைக்கறோம்னு 15 வச்சா, கண்ணிமைக்கற நேரத்துல உள்ள போய் வெளிய வர்றது தப்பிச்சுடும்.

ஃபீஸ்ல மெல்லிசான வளையற குழாய மூக்கு வழியா விட்டு மேலருந்து தொண்டையப் பார்ப்பாங்க. மயக்கம் கொடுக்கறதில்ல. மரத்துப்போற மருந்தும் போட மாட்டாங்க, போட்டாலும் கொஞ்சமாத்தான், நிறைய போட்டா தொண்டை உணர்ச்சியே மாறிடும். எச்சில் தேங்கி நிக்கறது, குரல்நாண் அசையறது, சாப்பிட்டப்புறம் நிக்கற மிச்சம் எல்லாம் இதுல பளிச்சுன்னு தெரியும். படுக்கையிலயே செய்யலாம், ஐ.சி.யூ.லயும் செய்யலாம், நிதானமா சாப்பிட விட்டு களைப்புல என்ன ஆகுதுன்னும் பார்க்கலாம். குறை என்னன்னா முழுங்கற அந்த நொடியில தொண்டை குழாயச் சுத்தி இறுகி ஸ்க்ரீன் வெள்ளையாயிடும், அப்ப என்ன நடந்துச்சுன்னு முன்னபின்ன பார்த்துத்தான் சொல்லணும். மூக்குல அடைப்பு, முகத்துல எலும்பு முறிவு, ரத்தக்கசிவு பிரச்சனை இருந்தா சொல்லிடுங்க.

எது பெட்டர்னு நான் கேட்டுக் கேட்டு எல்லாரையும் படுத்தினேன். என் முடிவு: ஆள நகர்த்த முடியலன்னாலோ எச்சிலே புரை ஏறுதுன்னாலோ ஃபீஸ், எந்த நேரத்துல எப்படி உள்ள போகுதுன்னு தெரியணும்னா, உணவுக்குழாயோட மேல்வாய் சரியா திறக்குதான்னு சந்தேகம் இருந்தா வீடியோ எக்ஸ்ரே. ரெண்டுல எது சீக்கிரம் கிடைக்குதோ அதை எடுக்கறது, எதுவும் எடுக்காம காத்திருக்கறதவிட மேல்.

கழுத்துல ஓட்டை போட்டு ட்ரக்கியாஸ்டமி ட்யூப் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: கஃப் (ட்யூப்ப சுத்தி இருக்கற சின்ன பலூன்) ஊதியிருக்கு, அதனால எதுவும் கீழ போகாதுன்னு சிலர் சொல்வாங்க, அது சரியில்ல, கஃப்புக்கு மேல தேங்கினது ஓரமா கசியும். நீல சாயம் கலந்து கொடுத்து ட்யூப்ல நீலம் வரலன்னா பத்திரம்ங்கற சோதனையும் பல தடவ தவறவிடும்.

6. செலவும் நேரமும்

டெஸ்ட்டோட ரேட் மட்டும் கேட்டு நிம்மதியாயிடாதீங்க. எக்ஸ்ரே ரூம், தெரபிஸ்ட், ரிப்போர்ட் எழுதற டாக்டர், பேரியம், வீடியோ காப்பி இதெல்லாம் தனித்தனி வரியா பில்லுல வரலாம், மொத்தமா எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. படுத்த படுக்கையா இருக்கறவர ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போற செலவையும் சேர்த்துப் பாருங்க, அப்ப வீட்டுக்கோ வார்டுக்கோ வந்து செய்யற ஃபீஸ் சில நேரம் மலிவா முடியும். ரெண்டாவது டெஸ்ட் நிச்சயம் வரும்னு இப்பவே கணக்குல வைங்க.

நேரம்: ஃபீஸ் கால் மணியிலருந்து இருபது நிமிஷம். வீடியோ எக்ஸ்ரேக்கு படம் சில நிமிஷம்னாலும் உட்கார வச்சு, கலந்து, முடிக்க அரை மணியிலருந்து ஒரு மணி வச்சுக்கோங்க. ஆள் எப்ப தெளிவா இருப்பாரோ அந்த நேரத்துக்கு கேளுங்க. பார்கின்சன் உள்ளவங்களுக்கு மாத்திரை வேலை செய்யற நேரமா பார்த்து வாங்குங்க.

7. டெஸ்ட் அன்னிக்கு

காலையில பல்லு, நாக்கு சுத்தம் பண்ணுங்க. பல்செட், கண்ணாடி, காதுல மாட்டற மெஷின் எல்லாம் மாட்டிட்டுப் போங்க, பல்செட் இல்லாம எடுத்த டெஸ்ட் அவர் வீட்டுல சாப்பிடறத காட்டாது. பட்டினி இருக்கணுமான்னு அவங்ககிட்ட கேளுங்க, நீங்களா பட்டினி போடாதீங்க, களைச்சுப் போய் உட்கார்ந்தா ரிசல்ட் மாறும். வீட்டுல எதுல சிரமம்னு தெரியுதோ அதையே கொஞ்சம் எடுத்துட்டு வரலாமான்னு கேளுங்க, பல இடத்துல ஒத்துக்கறாங்க.

முக்கியமா ஒண்ணு, உள்ள போகுதுன்னு தெரிஞ்சதும் "ஃபெயில், மூக்குல சாப்பாட்டு ட்யூப் போடுங்க"ன்னு அங்கயே முடிச்சுட விடாதீங்க. தாடைய கீழ குனிஞ்சா? தலைய பலவீனமான பக்கம் திருப்பினா? கெட்டியா கொடுத்தா? ரெண்டு தடவ முழுங்கினா? இதையெல்லாம் படம் ஓடறப்பவே முயற்சி பண்ணிப் பார்க்கணும். தாடைய குனியறது எல்லாருக்கும் பலிக்காது, சிலருக்கு மோசமாகும், அதனால ஸ்க்ரீன்ல பார்த்து நிரூபிக்காத உத்திய வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க.

பேரியம் குடிச்சா மலச்சிக்கல் வரலாம், மலம் வெள்ளையா போகும், பயப்படாதீங்க.

8. ரிப்போர்ட் படிக்கறது

பெனட்ரேஷன் ஆஸ்பிரேஷன் ஸ்கேல்னு 1லருந்து 8 வரை ஒரு நம்பர் இருக்கும். 1னா மூச்சு வழிக்குள்ள எதுவும் வரல. 2, 3 குரல்நாணுக்கு மேல நின்னது, 4, 5 குரல்நாணை தொட்டது, 6, 7, 8 கீழ இறங்கினது. இறங்கினதுல 6னா உடம்பே வெளிய தள்ளிடுச்சு, 7னா தள்ளப் பார்த்து முடியல, 8னா தள்ளணும்னு கூட தோணல. அந்த 8தான் சைலண்ட். ஆரோக்கியமானவங்களுக்கும் எப்பவாவது 2 வரும், அதுக்குப் பதறாதீங்க.

ஒரே நம்பர் எழுதியிருந்தா திருப்பிக் கேளுங்க: எதைக் கொடுத்தப்ப இந்த நம்பர்? எவ்வளவு அளவு? ஸ்பூனா கப்பா? தொண்டையில மிச்சம் எவ்வளவு நின்னுச்சு? எங்க அப்பாவுக்கு தண்ணிக்கு 8, கொஞ்சம் கெட்டியான திரவத்துக்கு ஸ்பூன்ல 2. இது தெரியாம "8"ன்னு மட்டும் வந்திருந்தா வாயால ஒண்ணுமே கொடுத்திருக்க மாட்டோம். வீடியோ காப்பி கட்டாயம் வாங்குங்க.

9. வீட்டுக்கு வந்தப்புறம் அளந்து பார்க்கறது

"கெட்டியா கொடுங்க"ன்னு சொன்னா எந்த லெவல்னு கேளுங்க. இட்ஸி (IDDSI)ன்னு உலகம் பூரா ஒரே அளவு, 0லருந்து 7 வரை, திரவத்துக்கு 0லருந்து 4. வீட்டுலயே அளக்கலாம்: 10 மில்லி சிரிஞ்ச் எடுங்க, 0 கோட்டுலருந்து 10 கோடு வரைக்கும் 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கணும், வேற நீளம்னா கணக்கு தப்பிடும். பிஸ்டனை உருவிட்டு, கீழ விரலால அடைச்சு, 10 வரைக்கும் ஊத்தி, விரலை எடுத்து சரியா 10 செகண்ட் விட்டு மறுபடி அடைங்க. மிச்சம் 1 மில்லிக்குக் கீழன்னா லெவல் 0, 1லருந்து 4 வரைன்னா லெவல் 1, 4லருந்து 8 வரைன்னா லெவல் 2, 8க்கு மேல நின்னு கொஞ்சமாவது வடிஞ்சா லெவல் 3. ஒண்ணுமே வடியலன்னா லெவல் 4, அதை முள்கரண்டியிலயும் ஸ்பூனை சாய்ச்சும் பார்க்கணும்.

ஸ்டார்ச் பவுடர் நேரமாக ஆக இன்னும் கெட்டியாகும், ஆனா வாய் எச்சில் பட்டா இளகும், அதனால அவர் எச்சில் பட்ட ஸ்பூன திரும்ப கப்புல விடாதீங்க. இன்னொண்ணு யாருமே எங்களுக்கு சொல்லல: மலச்சிக்கலுக்குக் கொடுக்கற பாலிஎதிலீன் க்ளைகால் பவுடர ஸ்டார்ச் கலந்த திரவத்துல போட்டா அது திரும்ப தண்ணியாயிடும். ஐஸ், ஜெல்லி வாயில உருகி தண்ணியாகறதும் அதே கதை. மாத்திரைய நுணுக்கறதுக்கு முன்னாடி பார்மசிஸ்ட கேளுங்க, மெதுவா கரையற வகைய நுணுக்கக் கூடாது.

கெட்டி திரவம் கொடுத்தா ஆள் கம்மியா குடிப்பார், உடம்புல தண்ணி வத்தும், மூத்திரம் நிறம் அடர்ந்து போகுதான்னு பாருங்க. நிமிர்த்தி உட்கார வச்சு கொடுங்க, முடிஞ்சு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. அப்புறம் வாய் சுத்தம். 1998ல சூசன் லாங்மோர் குழு வெளியிட்ட ஆய்வுல, முழுங்கறதுல கோளாறு மட்டும் நிமோனியாவ கொண்டு வந்துடறதில்ல, அடுத்தவர் கையால ஊட்டிக்கறது, அடுத்தவர்தான் வாய் சுத்தம் பண்ணணும்ங்கற நிலை, சொத்தைப் பல்லு இதெல்லாமும் சேரணும்னு வந்துச்சு. நாங்க சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுத்தம் பண்ண ஆரம்பிச்சோம். மூக்குல ட்யூப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னும் இல்ல, எச்சிலும், வயித்துலருந்து மேல எதுக்களிச்சு வர்றதும் உள்ள போகலாம்.

10. மறுபடி எப்ப

டிஸ்சார்ஜ் அன்னிக்கே அடுத்த டெஸ்ட் தேதிய கேளுங்க. ஸ்ட்ரோக்னா முதல் சில வாரத்துலயே நிறைய பேருக்கு முன்னேறும், அதனால பழைய ரிப்போர்ட்ட வச்சு மாசக்கணக்குல கெட்டியா கொடுத்துட்டு இருக்காதீங்க. பார்கின்சன் மாதிரி கூடிக்கிட்டே போற நோய்னா குறிப்பிட்ட இடைவெளியில பார்த்துட்டே இருக்கணும். நடுவுல காய்ச்சல், புதுசா குரல் களகளப்பு, எடை இறக்கம் வந்தா தேதிக்குக் காத்திருக்காதீங்க.

எங்களுக்கு முதல் டெஸ்ட் முடிஞ்சு ஆறாவது வாரம் ரெண்டாவது டெஸ்ட். தண்ணி கொடுத்தாங்க, உள்ள இறங்குச்சு, அப்பா பலமா ரெண்டு தடவ இருமி அதை வெளிய தள்ளிட்டார். ரூம்ல இருந்த நாலு பேரும் அவர் இருமினதுக்கு சந்தோஷப்பட்டோம், அவருக்கு மட்டும் ஏன்னு புரியல. 8 இருந்த இடத்துல 6 எழுதினாங்க, கெட்டி திரவத்த ஸ்பூன்லருந்து கப்புக்கு மாத்தினாங்க, தண்ணிக்கு இன்னும் நாலு வாரம்னாங்க.